அக்காவின் மாடித்தோட்டக் குரூப்

புதன், இரவு.

வேலை முடிந்து நேராக வேப்பம்பட்டு, அக்கா வீடு. குழந்தைக்கு இன்று தட்டம்மை ஊசி. நர்ஸம்மா வந்து கூப்பிட்டும் அக்கா கதவைத் திறக்கவில்லையாம். ஊசி போட்டால் பேச்சு வராது என்று மாடித்தோட்ட வாட்ஸ்அப் குரூப்பில் எவனோ வீடியோ போட்டிருக்கிறான்.

"பொய்க்கா அது. அந்த குரூப்புல சொன்னாங்கன்னு பூச்சிக்கு புளிச்ச மோர் தெளிச்சியே, ரோஜாவுல ஒரு மொட்டாவது விரிஞ்சுதா?"

"கும்மிடிப்பூண்டியில பம்பு பாக்கறவன், கொழந்தைய பத்தி உனுக்கு இன்னாடா தெரியும்?"

மாமாவைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை வந்துவிட்டது. அதையும் சொன்னேன். மாமா சேனலை மாற்றினார்.

கிளம்பும்போது அக்காவே கூப்பிட்டாள். "மோரு வேலைக்கு ஆவலடா. உரக்கடையில நல்ல பூச்சிமருந்தா வாங்கிக்கினு வா. இல்லன்னா செடி செத்துடும்."

சரிக்கா என்றுதான் வாயில் வந்தது.