மெல்லிய கம்பியின் கீச்சல்

சேசு மரி சூசை துணை

கொழும்பு, ஆடி 1947

அன்புள்ள அனஸ்தாசியாவுக்கு,

நான் சுகம். நீரும் மகளும் கண்டக்குழியில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். உம்முடைய இருமல் விட்டதா?

இங்கே ஒரு சின்னச் சங்கதி, பயப்பட வேண்டாம். ஹோட்டல் நடன மண்டபத்துக்கு மின்சாரக் கிற்றார் ஒன்று வாங்கி என்னிடம் தந்தார்கள். தடித்த கம்பிகள் நன்றாகப் பேசுகின்றன. மெல்லிய கம்பியைத் தொட்டால் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை ஆடிக்கொண்டிருந்த துரைசாணி ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

"அல்பிரட், அந்தக் கம்பிச் சத்தம் கொஞ்சம் இதமா வரவேணும். ஏலாட்டி வேற ஆளைப் பார்ப்பம்," என்றார் எங்கள் வாத்தியக் குழுவை நடத்தும் பீரிஸ் மாஸ்டர்.

"ஓம் மாஸ்டர்," என்றேன். வேறு என்ன சொல்ல?

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியைக் குறைத்துப் பார்த்தேன். மீட்டும் கையைக் கிற்றாரின் கழுத்துப் பக்கம் நகர்த்தினேன். கடைசியில் நகத்தை ஒட்ட வெட்டி, பெருவிரல் சதையால் மீட்டினேன். அப்போது அந்தக் கம்பி, நீர் அடுப்படியில் முணுமுணுக்கிற பாட்டைப் போல இதமாகக் கேட்டது. ஆனால் மண்டபத்தில், மேளத்துக்கு நடுவே, அது எவர் காதிலும் விழவில்லை. சத்தத்தைக் கூட்டினால் பழைய கீச்சல்தான். விரல் தோல் வெடித்ததுதான் மிச்சம்.

நேற்று வேறொருவர் வந்து அந்தக் கிற்றாரை வாசித்துப் பார்த்தார். நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

முடிந்தால் கொஞ்சம் கருவாடும், விரலுக்குப் பூச எண்ணெயும் அனுப்பும். மகள் புதிதாக என்னென்ன கதைக்கிறாள் என்று எழுதும். என் முகம் அவளுக்கு மறந்துபோயிருந்தால் அதை மட்டும் எழுத வேண்டாம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பாலாவி லொறிக்காரர் கூப்பிடுகிறார். நிறுத்துகிறேன்.

உமது,
அல்பிரட்