இரண்டாம் வகுப்பு உணவு மேசையில் ஒரு நாற்காலி வேண்டி

அனுப்புநர்:
டுவைன் ஹால்வர்சன்,
ஹால்வர்சன் டயர் கடை,
தொடக்கப் பள்ளிக்கு எதிர்ப்புறம்,
எல்க் ஃபோர்க், மினசோட்டா.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
எல்க் ஃபோர்க் பள்ளி மாவட்டம்.

பொருள்: என்னைத் தன்னார்வலர் பணியிலிருந்து நீக்கி, என் மகளுக்கு அப்பாவாக மீண்டும் அமர்த்தக் கோருதல் சார்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் மகள் ஆனிக்கா தங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய கணையம் போன வருடம் வேலையை விட்டு நின்றுவிட்டது. அதனால் ஒவ்வொரு வேளையும் அவள் என்ன சாப்பிடப் போகிறாள் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப இன்சுலின் ஊசி போட வேண்டும். குறைந்தால் சர்க்கரை ஏறும், கூடினால் மயங்கி விழுவாள். அவளே போட்டுக்கொள்ளும் வயதில்லை. பள்ளி நர்ஸ் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் நான் கடையிலிருந்து ரோட்டைத் தாண்டி வந்து, ஊசியைப் போட்டுவிட்டுத் திரும்புவேன். கிறிஸ்துமஸ் வரை இதில் யாருக்கும் ஒரு குறையுமில்லை.

2. ஜனவரியில் புது விதி வந்தது. பதிவுபெற்ற தன்னார்வலர் தவிர வெளியார் எவரும் வரவேற்பறையைத் தாண்டக் கூடாதாம். அலுவலகத்தில் இருக்கும் திருமதி லண்ட்குவிஸ்ட் என்னிடம் சொன்னது: "நீ பொறந்ததுலேர்ந்து உன்னைத் தெரியும்டா. கம்ப்யூட்டர் தெரியாதுங்குதே, நான் என்ன பண்ணட்டும்?"

3. ஆகவே தன்னார்வலரானேன். கைரேகை கொடுத்தேன். முதுகு பிடிக்காமல் பெட்டி தூக்குவது எப்படி என்ற படத்தை முழுவதும் பார்த்தேன். மஞ்சள் மேலங்கியும் தந்தார்கள். அதன் பிறகுதான் தெரிந்தது, பாரபட்சம் வரக் கூடாது என்பதால் தன்னார்வலர் தன் சொந்தப் பிள்ளையின் அருகில் போகக் கூடாதென்று. என்னை உணவுக்கூடத்தின் மறுகோடியில் நான்காம் வகுப்புக்குப் பால் பெட்டி பிரித்துக் கொடுக்க நிறுத்தினார்கள்.

4. நான்காம் வகுப்பில் எமிலியானோ என்ற பையனுக்கும் இதே நோய். அவன் அம்மா ரொசால்பா ட்ரெஹோ, இறைச்சி ஆலையில் வேலை செய்பவர், என்னைப் போலவே தன்னார்வலராகி, என் மகளின் மேசையில் நிறுத்தப்பட்டிருக்கிறார். அவர் மகனுக்கு நானும் என் மகளுக்கு அவரும் ஊசி போட்டால் தீர்ந்தது என்று நினைத்தோம். பிறர் பிள்ளைக்குத் தன்னார்வலர் மருந்து கொடுப்பது குற்றமாம்.

5. சரி, பிள்ளைகள் சாப்பிட்டதாவது தெரிந்தால் மாலையில் வீட்டில் சமாளிக்கலாம் என்று இருவரும் தூரத்திலிருந்தே விரலால் சைகை செய்துகொண்டோம். 'தன்னார்வலர்களிடையே தகாத சைகைகள்' என்று என் மனைவிக்கும் ரொசால்பாவின் கணவருக்கும் பள்ளியிலிருந்து மின்னஞ்சல் போயிற்று. என் மனைவி பல நாள் சிரிப்பை நிறுத்தவில்லை.

6. அவள் சிரிப்பை நிறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ரொசால்பா வாகன நிறுத்தத்தில் என்னைப் பிடித்து, "உங்க பொண்ணு தட்டுல தினம் வெள்ளரிக்காயும் சீஸும்தாங்க இருக்கு. பீட்சாவைக்கூட பக்கத்துப் பிள்ளைக்குத் தூக்கிக் குடுத்துடுறா," என்றார். எதைத் தின்றால் ஊசி வேண்டாமோ அதை மட்டும் தின்கிறாள். அன்று விளையாட்டு நேரத்தில் சர்க்கரை இறங்கிப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டதற்கு, "பரவால்லப்பா. நீதான் அங்க வேலையா இருக்கியே," என்றாள்.

7. தலைமையாசிரியரிடம் முறையிட்டேன். "செவ்வாய்க்கிழமை நர்ஸ் வர்றாங்கல்ல? அன்னிக்கு நல்லா சாப்பிடட்டுமே," என்றார். அவர் கேலி செய்யவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

8. நேற்று எனக்கு இந்த மாதத்தின் சிறந்த தன்னார்வலர் விருது வழங்கப்பட்டது. என் மகளும் கைதட்டினாள். விருதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மேலங்கியைத் துவைத்து அனுப்புகிறேன்.

எனவே, பள்ளி நாட்களில் மதியம் ஐந்து நிமிடம் என் மகளருகே உட்கார எனக்கும், தன் மகனருகே உட்கார திருமதி ட்ரெஹோவுக்கும் அனுமதி தரும்படி பணிவன்புடன் வேண்டுகிறேன். அப்பா என்ற வகையில் உள்ளே வர விதியில் இடமில்லை என்றால், என்னை இரண்டாம் வகுப்பில் மாணவனாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். வயது முப்பத்தெட்டு. கூட்டல் கழித்தல் வரும். சாப்பாட்டு நேரத்தில் ஆனிக்காவுக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தால் போதும், வேறு எந்தச் சலுகையும் கேட்க மாட்டேன்.

இடம்: எல்க் ஃபோர்க்
நாள்: பிப்ரவரி 27

தங்கள் பதிலையும் அந்த நாற்காலியையும் எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
டுவைன் ஹால்வர்சன்,
ஆனிக்காவின் அப்பா