உங்கள் அம்மா என்னைத் திட்டிவிட்டார்

மெய்ஷியன்,
18 மே 1991

அன்புள்ள வெய்ரானுக்கு, சூச்சின் ஆசையோடு எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். ஷின்ஜியாங்கில் தண்டவாளம் எவ்வளவு தூரம் போயிற்று? மணல் காற்று என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள், வீரம் காட்ட வேண்டாம்.

சந்தோஷச் செய்தி ஒன்று. உங்கள் அம்மா என்னைத் திட்டிவிட்டார்! சிரிக்காமல் முழுக்கப் படியுங்கள்.

என் ஆராய்ச்சிதான் உங்களுக்குத் தெரியுமே. உங்கள் ஊர் ஹக்கா பேச்சில் ‘புன்’ என்றால் பங்கிடு. அந்தச் சொல் அதோடு நிற்கிறதா? ‘கொடு’ என்பதற்கும் புன், ‘விடு’ என்பதற்கும் புன். ‘நாயால் கடிபட்டான்’ என்றால் அந்த ‘ஆல்’ கூடப் புன்தான். சொந்த வேலையோடு ஊரார் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற சொல். வீட்டில் சகஜமாகப் பேசும்போதுதான் அது தாராளமாக வரும். உங்கள் அம்மாவோ நான் டேப் ரெக்கார்டரை எடுத்ததும் புதுச் சட்டை மாற்றி, தலை வாரி, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி மாண்டரினில், அந்த அரசாங்க மொழியில், ஆரம்பித்துவிடுவார். "டீச்சரம்மா, தயவுசெய்து தேநீர் அருந்துங்கள்." மூன்று மாதமாக இதே கதை.

ஆராய்ச்சி போனால் போகிறது. டேப் இல்லாத போதும் என்னிடம் அதே மரியாதைப் பேச்சுதான். பக்கத்து வீட்டு லியாவ் சின்னம்மாவோடு மட்டும் வாய் ஓயாது. வடக்கே லான்ஜோவிலிருந்து வந்தவள் இரண்டு வருஷமாகியும் விருந்தாளிதானா என்று மனசு அரித்தது. அடுத்த மாதம் கல்லூரி விடுதிக்கே போய்விடலாம் என்று பெட்டியைக் கூடத் தூசி தட்டி வைத்திருந்தேன்.

நேற்று, பத்து நாள் மழைக்குப் பிறகு வெயில் வந்தது. தெருவே பஞ்சுப் போர்வைகளை மூங்கிலில் காயப் போட்டது. நல்ல பெயர் வாங்கலாம் என்று நானும் வீட்டிலிருந்ததை எல்லாம் அள்ளினேன். சமையல்கட்டு மூலையில் ஜாடியைச் சுற்றியிருந்த போர்வையையும் உருவினேன். மூடி நழுவிவிட்டது.

"அடிப் பாவி! அதை யாருடி எடுக்கச் சொன்னது? ஊறப் போட்டு மூணு நாள்கூட ஆகலை, உன்னால புளிச்சுப் போச்சுடி! என்னை நிம்மதியா இருக்க விடமாட்டியா? குடுடி அந்த மூடியை! லியாவுக்கும் பங்கு வைக்கணும்னு எட்டுப் படி அரிசி போட்டேனே!"

அத்தனையும் ஹக்காவில். நான்கு வேலைக்கும் அதே புன், ஒரே மூச்சில்! அதைவிட, வாய்க்கு வாய் ‘டி’. போர்வையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன். அவர் பயந்து போய், "என்னடி ஆச்சு, பைத்தியமா?" என்றார். டேப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, "இன்னொரு தடவை திட்டுங்க அத்தை" என்று கெஞ்சினேன். "கேட்டா வருமாடி திட்டு?" என்று அவரும் சிரித்துவிட்டார். லியாவ் சின்னம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "தள்ளு, நான் திட்டுறேன்" என்றாள்.

குளிர்காலத்தில் ஊற வைக்கும் அரிசி மதுவை இந்த மழையில் யாருக்காகப் போட்டீர்கள் என்று கேட்டேன். "பிள்ளை பெத்தவளுக்கு இதை ஊத்தி இஞ்சி போட்டுக் கோழி ஆக்காம, உங்க ஊருல வெறுங்கஞ்சியா குடுப்பாங்க? தினம் காலைல நீ வாந்தி எடுக்கிறது எனக்குக் கேட்காதா?" என்றார்.

ஆமாம் வெய்ரான். மூன்று மாதம் ஆகிறது. போன வருஷம் போலக் கலைந்துவிடுமோ என்ற பயத்தில் உங்களுக்குக் கூட எழுதவில்லை. மன்னித்துவிடுங்கள்.

ஜாடி பிழைத்துக்கொண்டது. காதை வைத்தால் உள்ளே கொதிப்பது கேட்கிறது. இன்று மட்டும் மூன்று கேசட் நிரம்பிவிட்டது. நான் உப்புப் போட்டால் திட்டு, போடாவிட்டால் திட்டு. பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

இப்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, எழுதச் சொல்கிறார்: "எம் மருமகளைத் திட்ட நான் ஒருத்தி போதும். அவ கையைப் பிடிச்சுக்க நீ வேணும். பத்தாம் மாசத்துக்குள்ள வந்து சேரு."

நானும் அதையேதான் கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை நீங்கள் என் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள்
சூச்சின்