அவர் மூச்சில் இருந்த நெடி

14-6-2005, செவ்வாய்.

பேத்தி கலா சென்னையில் தான் படிக்கிற லேபிலிருந்து ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே கண்ணுக்கே தெரியாத பொடி பூசியிருக்கிறதாம். கிட்னி கெட்டவர் ஊதினால் மூச்சில் உள்ள அம்மோனியாவைக் கண்டுபிடித்துவிடுமாம். என் பேத்தி கையால் செய்தது!

நான் ஊதினேன், பெட்டி மேலிருந்த முள் அசையவில்லை. உப்பளத்திலிருந்து வந்த என் மகன் செல்வம் ஊதினான். முள் ஏறியது.

கலா முகம் மாறிவிட்டது. "இத மட்டும் வெச்சு நம்ப முடியாது ஆயா, இன்னும் சோதனையிலதான் இருக்குது. ஆஸ்பத்திரியில காட்டிடணும். தாத்தா கிட்னியிலதானே போனாரு? அவரு வாயில மூத்திர நெடி அடிச்சுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன்.

செல்வம் சிரித்தான். "பாத்தியா? உன் பொட்டிக்குத்தான் வியாதி. நான் ஆஸ்பத்திரிக்கு வர்ல, போ."

உண்மையில் அவர் வாயில் அடித்தது. உப்பளச் சேற்று நாற்றம் என்று நினைத்து, வாயைக் கழுவிட்டு வாய்யா என்று தினமும் விரட்டினேன். பாவம், கழுவிக் கழுவி வந்து நிற்பார். கடைசியில் வாசலிலேயே படுக்க வைத்தேன்.

இன்று ராத்திரி சோறு போடக் குனிந்தேன். செல்வம் மூச்சிலும் அதே நெடி. இந்த முறை நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கலா நாளைக் காலை பஸ்ஸில் போகிறாள். அதற்குள் சொல்லிவிட வேண்டும், வாசலில் படுக்க வைத்ததையும் சேர்த்து.