மூன்று புள்ளிக்குப் பின்னால்

இன்று காலை செங்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்து, குற்றாலத்தில் புதிதாகத் திறந்த ஒரு லாட்ஜின் இணையதளத்தைப் போனில் பார்த்தேன். திரையை அடைக்கிற தலைப்பு எழுத்து, கீழே ஒரே உயரத்தில் நான்கு செய்திக் கட்டங்கள், எங்கள் தொழிலில் கார்டுகள். ஒன்றில், ‘ஐந்தருவியில் இன்று குளிக்க அனுமதி…’ அந்த மூன்று புள்ளியைப் பார்த்ததும் உன் மேலுள்ள எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் எழுத வேண்டுமாம். எனக்கு அது வராது, உனக்கே தெரியும்.

தென்காசியில் மருந்துக்கடை மாடியில் எதிரெதிரே மேசை போட்டு ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தோம். இணையதளம் செய்துகொடுக்கிற வேலை; டிசைன் உன்னுடையது, கோடிங் என்னுடையது. வெளிநாட்டுத் தளங்களில் எது வந்தாலும் அடுத்த வாரமே உனக்கு அது வேண்டும். ஒரு மாதம் எல்லாம் கறுப்பு, மறுமாதம் எல்லாம் வெள்ளை. வரிகளை நெருக்கச் சொல்வாய். மேல்வரி எழுத்தின் வாலில் கீழ்வரியின் புள்ளி போய் முட்டும்.

“ஏட்டி, புள்ளி இடிக்கு பாரு” என்பேன்.

“புள்ளிய எவ எண்ணிக்கிட்டிருக்கா? பாக்க அழகா இருக்கா, அதச் சொல்லு” என்பாய்.

அப்போதும் ஒரு குற்றால லாட்ஜ் வேலைதான். அருவி நிலவரம் சொல்லும் கார்டுக்கு ஒரே வரிதான் என்று நீ அடம்பிடித்தாய்.

“ஒரு வரின்னா தமிழுக்குப் பத்தாதுட்டி, வெட்டிரும்.”

“வெட்டட்டும். மூணு புள்ளி வச்சிரு. வேணும்னா தொட்டுப் பாப்பாங்க. கார்டெல்லாம் ஒரே மட்டத்துல நிக்கணும், அவ்வளவுதான்.”

வைத்தேன். அது என் தப்பு, மறைக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘நோ பாத்திங்’ என்பதை எங்கே வெட்டினாலும் ‘நோ’ தப்பித்துவிடும். நம் ‘இல்லை’ வரியின் கடைசியில் நிற்கிறது. வெட்டினால் முதலில் போவது அதுதான். ‘குளிக்க அனுமதி’ என்பதோடு நின்றுபோன அந்த வரியை நம்பி, சிவகிரியிலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தன் அம்மாவை வேனில் படுக்கவைத்துக் கூட்டிவந்தார். ஒரு தடவையாவது ஐந்தருவியில் தலை நனைக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. வெள்ளம் என்று போலீஸ் கயிறு கட்டியிருந்தது. அவர் நேராக லாட்ஜுக்குப் போய் போனை நீட்டிக் கத்தியிருக்கிறார்.

லாட்ஜ் முதலாளி நமக்குப் போன் போட்டார். நீ ஸ்பீக்கரில் போட்டாய், நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே. “நான் படம் மட்டுந்தான் போட்டேன் அண்ணாச்சி. எழுதுனது அவதான். அவல்லா கவனிச்சிருக்கணும்?” சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் எனக்கு ‘எழுத்த முழுங்குறவ’ என்று பேர் வைத்தார்கள். ஒருவரும் வேலை தரவில்லை. நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

ஒரு வருஷம் கழித்து உன்னிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. போனின் மேல்விளிம்பில் ஒரு வரிதான் தெரிந்தது: ‘நான் செஞ்சது சரின்னுதான் இப்பவும் நெனைக்கேன்…’ திமிரைப் பார் என்று விரலால் தள்ளிவிட்டேன். நான்காம் நாள் மூளையில் ரத்தம் கசிந்து நீ போய்விட்டாய். உன் வீட்டு வாசல்வரை வந்தேன். உள்ளே வரவில்லை.

பதினாறாம் நாள் முடிந்த பிறகுதான் அதைத் திறந்தேன். ‘நான் செஞ்சது சரின்னுதான் இப்பவும் நெனைக்கேன்னு நெனைச்சிராதட்டி. ஒருதரம் மாடிக்கு வா, பேசணும்.’

தமிழில் எது கடைசியில் வரும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். தொட்டுப் பார்க்க எனக்கு ஒரு விரல் அசையவில்லை. உன்னையும் சொல்ல வேண்டும்; ‘தப்பு’ என்பதை முதல் வார்த்தையாகப் போட்டிருந்தால் குறைந்தா போயிருப்பாய்?

மெல்ல மறுபடி வேலை வருகிறது. இப்போது என் கார்டுகளில் ‘தடை’ முதலில் நிற்கிறது, அருவியின் பேர் அப்புறம்தான். கார்டுகள் ஒன்று உயரம், ஒன்று குட்டை. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. அந்த மெசேஜை அழிக்கவில்லை. பதிலும் ஒன்று தட்டி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அதையாவது கடைசி வார்த்தைவரை படி: உன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதே.