ஒவ்வொரு செவ்வாயும் வந்த நாற்காலி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம்தான், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். போனில் கேட்டால் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம். வாதம் வந்த இடது கை அப்படியே தொங்குகிறது, வலது கைக்கு ஒரு குறையும் இல்லை, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். அம்மா மூட்டு வலி என்கிறாள், ஆனால் மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறிவிடுகிறாள், அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

நான்கு மாதமாக நான் போய்வரும் உதவிக் கூடம் உனக்குத் தெரியும், நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் இரவல் கொடுக்கும் இடம். ரிட்டயரான நர்சம்மா ஒருவர்தான் நடத்துகிறார். கை கால் முடியாதவர்களும் இங்கே தொண்டு செய்ய வரலாம் என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறார். முப்பது வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவன் என்றதும் செவ்வாய்தோறும் வரச் சொன்னார். போனதும் ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, பிரேக் லூசாயிருக்கு, கொஞ்சம் பாருங்கண்ணே என்பார். நான் இறுக்கிக் கொடுப்பேன், ஆகா ஓகோ என்று பாராட்டு.

மூன்றாவது வாரமே உறுத்தியது. அதே நீல நாற்காலி, கைப்பிடியில் அதே கீறல், அதே இடது பிரேக். வாங்கிப் போகிறவர் முரடு போலிருக்கிறது என்று மனதுக்குள் திட்டினேன், ஆனால் டயரில் ஒரு பொட்டு மண் இல்லை. அப்புறம் கூட்டிப் பெருக்குகிற ஆளைச் சந்தேகப்பட்டேன். யாரையாவது சந்தேகப்படலைன்னா உங்களுக்குத் தூக்கமே வராது என்றாள் அம்மா. அவளுடைய நகப்பூச்சை எடுத்துப்போய், இறுக்கிய நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தேன். அடுத்த செவ்வாய் பார்த்தால் கோடு இரண்டாக விலகி நிற்கிறது, நட்டின் முனையில் ஸ்பேனர் பட்ட புதுத் தழும்பு. நேராக நர்சம்மாவிடம் கேட்டேன். அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. உங்க பொண்ணு போன்ல அழுதாங்கண்ணே, அப்பா சும்மா உட்கார்ந்தா உடைஞ்சிடுவாரு, கஷ்டமில்லாத வேலையா கொடுங்கன்னாங்க, அதான் நானே கழட்டி வச்சேன் என்றார்.

எனக்கு எவ்வளவு வலித்தது தெரியுமா. இரண்டு மாதமாக ஒரே நட்டை இறுக்கிவிட்டு, வேலை பார்த்த களைப்பு என்று வீட்டில் வந்து படுத்திருக்கிறேன். உள்ளறையிலோ பதினான்கு நாற்காலிகள் உடைந்து கிடக்கின்றன. ஞாயிறு மட்டும் வரும் ஒரே மெக்கானிக்கும் வேறு ஊருக்கு மாறப்போகிறார், அவர் போனால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். எங்களை உட்கார வைத்து விளையாட்டுக் காட்டினால் அந்த இடம் எத்தனை நாள் ஓடும்? காது கேட்காத தையல்காரம்மா ஒருவர் வருகிறார், அவருக்குக் கொடுத்த வேலை பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது! கோபத்தில் அவரையும் கூட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். அவர் சக்கரத்தைப் பிடிக்க நான் திருகினேன், கிழிந்த இருக்கையை அவரே தைத்தார், நடுநடுவே கையை ஆட்டி என்னை அதட்டவும் செய்தார். மூன்று செவ்வாயில் ஒரு நாற்காலி முடிந்தது. மெக்கானிக் போவதற்குள் கை கால் முடியாமல் தொண்டுக்கு வரும் எங்கள் ஆறு பேருக்கும், அவரவர் கைக்கு முடிந்ததைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நர்சம்மாவிடம் கறாராகச் சொன்னேன், சரி என்றார். சும்மா தலையாட்டுகிறாரா என்று கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த நாற்காலி ஒரு வீட்டுக்குப் போன மூன்றாம் நாள், அந்த வீட்டம்மா போனில் கத்தினார். எவன்யா இதை ரிப்பேர் பண்ணது, ஒரு பக்கமாவே இழுக்குது, எங்க வீட்டுக்காரர் சுவத்துல முட்டிக்கிட்டாரு என்று. இதுவும் உன் ஏற்பாடோ என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. இல்லை, சொல்லிக்கொடுத்து அப்படித் திட்ட வராது. நானும் தையல்காரம்மாவும் போய்ப் பார்த்தோம், தப்பு என்னுடையதுதான், முன் சக்கரத்தைச் சரியாகப் பொருத்தவில்லை. சரிசெய்து கொடுத்தோம். இனிமேலாவது ஒழுங்கா செய்யுங்க என்று கதவைச் சாத்திவிட்டார். கை விழுந்த பிறகு என்னை யாரும் திட்டியதே இல்லையம்மா. வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நீ பாசத்தில்தான் செய்தாய், தெரியும். குழந்தை குட்டியோடு நீ நீடூழி வாழ வேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசி. இனி என்னைப் பற்றி எதுவானாலும் என்னிடமே கேள். செவ்வாய்க்கிழமை மட்டும் பகலில் கூப்பிடாதே, வேலையில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா