பாறைக்கு மெத்து டயர்

இன்று காலை கடையில் அந்தப் பார்சலைப் பிரித்தேன். எட்டு மாதமாக மேல் அலமாரியில் கிடந்தது. நாடாவைக் கிழித்ததும் புது ரப்பர் வாசனை குப்பென்று அடித்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உன்மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, மச்சான்.

நான்கு டயர்கள், உள்ளே வைக்க நான்கு ஸ்பாஞ்சு வளையங்கள். நம் ரிமோட் பொம்மை லாரிக்காக மூன்று வாரம் யோசித்து நீ வரவழைத்தவை. கூரியர்காரர்கள் உன் ஊருக்கு மலை ஏறமாட்டார்கள் என்று ஒடுகத்தூரில் உள்ள என் கடை முகவரியைக் கொடுத்திருந்தாய்.

உன் சாமை நிலத்துக்குப் பின்னால் உள்ள சரிவுப் பாறையில் அந்த லாரி ஒருமுறைகூட உச்சி தொட்டதில்லை. ஞாயிறுதோறும் நரை விழுந்த இரண்டு ஆண்கள் அதன் பக்கத்தில் மண்டியிட்டுக் கிடப்போம். நீ டயரை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்ப்பாய். "இது கெட்டிடா. பாறைன்னா டயரு மெத்துன்னு இருக்கணும், கல்ல புடிச்சிக்கணும்" என்பாய். முன் சக்கரத்துக்கு மெத்தான ஸ்பாஞ்சு, பின்னுக்குக் கொஞ்சம் கெட்டி. முன்பக்கம் தூக்காமலிருக்க உள்ளே ஈயத் துண்டு. புகுந்த தண்ணீர் வெளியேற, ஊசியைச் சூடாக்கி டயரில் ஓட்டை. பழைய டயரையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். "இன்னாடா பேசற நீ? தேஞ்ச டயரப் போட்டா வண்டி நம்ம பேச்சக் கேக்குமா?" என்று எரிந்து விழுந்தாய். பொம்மை வண்டிக்கு அத்தனை அக்கறை!

பார்சல் வந்த அன்று மலையில் மழை. "வந்துடுச்சிடா, சீக்கிரம் வா" என்று போன் செய்தவன் நான்தான். "தோ, வர்றேன்" என்றாய். மலைப்பாதையின் மூன்றாவது வளைவைத் தாண்டி நீ வரவில்லை.

உன் பைக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோதுதான் பார்த்தேன். பின் டயர் மொழுமொழுவென்று தேய்ந்து, நூல் தெரிந்தது. "ஆடி மாசத்துலேர்ந்து சொல்றேன்ணா. மழ வுட்டதும் மாத்தறேன், மழ வுட்டதும் மாத்தறேன்னே இருந்தாரு" என்றாள் உன் மனைவி. உன்னை எழுப்பி உட்காரவைத்து அறையவேண்டும் போலிருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

இன்று நீ செய்வது போலவே எல்லாம் பொருத்தி, மதியம் மலைக்கு எடுத்துப்போனேன். லாரி முதல் தடவையிலேயே பாறையின் உச்சிக்கு ஏறி நின்றது. களத்திலிருந்து உன் மனைவி குரல் கொடுத்தாள்.

"ஏறிடுச்சாண்ணா?"

"ஏறிடுச்சிம்மா."



இப்போதெல்லாம் கடைக்கு யார் பைக்கில் வந்தாலும் குனிந்து முதலில் டயரைப் பார்க்கிறேன். திட்டுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும். ஆனால் உன் பைக் ஞாயிறுதோறும் அந்தப் பாறையோரம்தான் நின்றது. பொம்மை டயருக்காக மண்டியிட்டுக் கிடந்த நான், ஒரே ஒருமுறை தலையைத் திருப்பியிருந்தால் போதும். அது என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது.